பிராந்தி குடிக்கும் பூட்டனும் என் மகள் கல்யாணமும்

ஆரியசாலையில் வற்றல் மிளகாய் என்ன விலை என்று காலையில் நான் வாய் திறந்து சொன்ன பிறகுதான் மற்றக் கடைக்காரர்கள் சொல்வார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் உறவு முடிந்துவிட்டது. அப்பா செத்த வருஷம் தோவாளைப் பக்கத்திலிருந்து மாட்டுவண்டியில், மல்லி மூட்டை மேல் உட்கார்ந்து திருவனந்தபுரம் வந்தவன் நான். அந்த மூட்டை எந்தக் கடையில் இறங்கியதோ அந்தக் கடையிலேயே கூட்டிப் பெருக்கினேன், தராசு பிடித்தேன், கடைசியில் அந்தக் கடையையே வாங்கினேன். படித்தவன் எவனாவது இப்படிச் செய்திருந்தால் அதைப் புஸ்தகமாக அச்சடித்திருப்பான்.

பணம் வந்தது, மாடிவீடு வந்தது. வராதது ஒன்றுதான், பரம்பரை. சாலைக் கடைத்தெருவில் பரம்பரை இல்லாத ஆளே கிடையாது. புளிக்கடைக்காரர் தன் முன்னோர் பாளையக்காரருக்கு வாள் பிடித்தவர் என்பார். சர்க்கரைக்கடைக்காரரோ தன் முன்னோர் யானையை வாலைப் பிடித்து நிறுத்தியதாகச் சொல்வார். நான் மட்டும் மல்லி மூட்டை என்று சொல்லிக்கொண்டு நிற்க முடியுமா?

நல்ல காலம், எனக்கும் ஒருவர் இருந்தார். பட்டாளத்துத் தாத்தா.

ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு இந்தப்புறம், மலையடிவாரத்தில் அவர் இருக்கிறார். கூரை கிடையாது. ஒரு சுண்ணாம்புப் பீடம், அதற்கு ஒரு சிவப்புச் சட்டை, உச்சியில் ஒரு தொப்பி. வருஷத்துக்கொரு முறை கொடை நடக்கும். மற்றச் சாமிகளுக்குப் பொங்கலும் பாயசமும் என்றால், இவருக்கு ரொட்டியும் பிராந்தியும் சுருட்டும். கிடாயும் வெட்டுவார்கள். பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் இருந்தவராம். புதுச்சேரியை இங்கிலீஷ்காரன் பிடித்துக்கொண்டபோது தோற்ற பட்டாளம் திசைக்கொன்றாகச் சிதறியது, இவர் குதிரையோடு தெற்கே வந்துவிட்டார். கணவாயில் வழிப்பறி செய்தவர்களை ஓட ஓட விரட்டினார். செத்த பிறகு ஊர்ப் பெரியவர் கனவில் வந்து, “எல்லாம் சரி, ரொட்டி எங்கே?” என்று கேட்டார். அன்று முதல் அவர் சாமி. எங்கள் வீட்டில் அவரைத் தாத்தா என்றுதான் சொல்வோம். தாத்தா என்றால் தாத்தாதானே? இதில் துருவிப் பார்க்க என்ன இருக்கிறது?

இருந்தும் நான் துருவினேன். நம் ஊரில் இந்த மாதிரி ஆராய்ச்சியை என்னைப்போல் கைக்காசு போட்டுச் செய்தவர்கள் குறைவு. மிளகு வாங்க வந்த புதுச்சேரி வியாபாரி ஒருவரைப் பிடித்து உட்கார வைத்து விசாரித்தேன். மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே அவர் சொன்னார்: “பிரெஞ்சுப் பட்டாளத்துல வெள்ளைக்காரங்களும் உண்டு, நம்மாளுங்களும் உண்டுங்க.” இரண்டும் உண்டு என்றால் நான் எதை எடுத்துக்கொள்வேன்? வெள்ளையை எடுத்துக்கொண்டேன். பிறகு சாலையில் நாடகத் திரை எழுதும் பெயிண்டர் ஒருவரைக் கொண்டு தாத்தாவை ஆள் உயரத்துக்குப் படமாக எழுதி முன்கூடத்தில் மாட்டினேன். முகத்துக்கு மாதிரி வேண்டும் என்றார், நானே உட்கார்ந்தேன். உடுப்புக்கு அவர் எங்கே மாதிரி பிடித்தாரோ, எனக்குத் தெரியாது.

கோயிலிலும் என் கை பட்டது. கொடைக்கு வரி கொடுப்பது ஆண்வழிப் பேரன்மார், அதாவது பங்காளிகள் மட்டும். அப்பா போன பிறகு எங்கள் வீடு விட்டுப்போயிருந்தது. நான் நாலு காசு பார்த்ததும் நேரே போய், “எனக்கும் வரி போடுங்கள்” என்று கேட்டு வாங்கிக் கட்டினேன். வரி போடாதே என்று சண்டைக்குப் போகிறவனைத்தான் உலகம் பார்த்திருக்கிறது. கோயிலைச் சுற்றி மதிலும் எழுப்பினேன். வாசலில் ஒரு கல் நட்டு, ‘பட்டாளத்துத் தாத்தாவின் ஆண்வழிப் பேரன் உபயம்’ என்று என் பெயரோடு வெட்டி வைத்தேன். ஆண்வழி என்ற சொல்லைக் கொத்தனார் மறந்துவிட்டார். நான்தான் நின்று போட வைத்தேன்.

இப்படி இருக்கும்போது என் மகளுக்கு வரன் வந்தது. இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்குக் கொஞ்ச காலம் முன்பு. பையனுடைய அப்பா கச்சேரியில் ஹெட் கிளார்க், தைக்காட்டில் வீடு. பூர்வீகம் தோவாளைப் பக்கம்தான், ஆனால் அவருடைய அப்பா காலத்திலேயே சர்க்கார் வேலைக்கு வந்து ஊரை விட்டுவிட்டார்கள். பையனும் உத்தியோகம். பையனுடைய தங்கை என் மகளோடு படித்தவள். அந்த வழியில் பையனும் பெண்ணும் ஒருவரை ஒருவர் பார்த்திருக்கிறார்கள் என்பது என் மனைவிக்குத் தெரியும். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டார்கள். எனக்கும் தெரியாதுதான்.

தரகர் வந்து குலதெய்வம் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் என் மனைவி, “சாஸ்தான்னு எழுதிக்கிடுங்கோ” என்றாள். தரகர் போனதும் என்னிடம் திரும்பினாள்.

“அவாள்லாம் கச்சேரிக்காரா. குடிக்கிற சாமியைச் சொல்லி மானத்தை வாங்காதீங்கோ. கல்யாணம் முடியுந்தட்டும் தாத்தாவைப் பத்தி மூச்சு விடப்படாது. கேட்டேளா?”

கேட்டேன். பையன் வீட்டில் திருச்செந்தூர் முருகன் என்று சொல்லியிருந்தார்கள். தரகருக்குத் திருப்தி. சாஸ்தாவுக்கும் முருகனுக்கும் எந்தத் தகராறும் கிடையாது.

பெண் பார்க்க வந்தார்கள். எல்லாம் நன்றாகவே நடந்தது. ஹெட் கிளார்க் காப்பியைக் குடித்து “வெரி குட்” என்றார், முறுக்கைக் கடித்து “வெரி குட்” என்றார். அடுத்த வாரம் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றும் பேசியாகிவிட்டது. எழுந்திருக்கும்போது அவர் கண் முன்கூடத்துப் படத்தின் மேல் விழுந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தார்.

“இதாரு, பாண்டு மாஸ்டரா?”

பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு. கதவுக்குப் பின்னால் என் மனைவி இருமினாள். வளையலைக் குலுக்கினாள். பிறகு ஏதோ பாத்திரத்தையே கீழே போட்டாள். நான் நிறுத்தவில்லை. பட்டாளம், புதுச்சேரி, குதிரை, கணவாய், எல்லாவற்றையும் சொன்னேன். ரொட்டி, பிராந்தி என்ற இடத்துக்கு வந்தபோது ஹெட் கிளார்க்கின் முகம் மாறியது.

“கோயிலு எங்கே? மலையடியிலயா? சேப்புச் சட்டையா?”

“ஆமா. தொப்பியும் உண்டு.”

அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “ஓய், அது எங்க தாத்தால்லா! எங்க அப்பா சொல்லிச் சொல்லிக் கேட்டிருக்கேன். ஆபீஸ்ல இதையெல்லாம் வெளிய சொல்ல முடியுமா? வீட்டுக்குள்ள கதவைச் சாத்திக்கிட்டு வருசா வருசம் படைக்கோம். பிராந்தியை மட்டும் மருந்துன்னு சொல்லித்தான் வாங்குகேன்!”

அந்தச் சந்தோஷத்தை என்ன சொல்ல! இரண்டு பேரும் கட்டிக்கொண்டோம். அவர் தும்மினார், நான் தட்டிக்கொடுத்தேன். ரத்தம் ரத்தத்தைக் கண்டுபிடித்துவிட்டது என்றேன். அவரும் ஆமாம் ஆமாம் என்றார். அப்போது பையனுடைய அம்மா, கையில் எடுத்த வெற்றிலையைத் தட்டில் திரும்ப வைத்தாள்.

“ரத்தம் சரி. அப்போ நீங்க ரெண்டு பேரும் பங்காளில்லா? இந்தப் பிள்ளை நம்ம பயலுக்குத் தங்கச்சி முறைல்லா ஆகுது?”

எங்கள் பக்கத்தில் ஒரே தாத்தாவின் ஆண்வழியில் வந்தவர்கள் எத்தனை தலைமுறை கடந்தாலும் அண்ணன் தம்பிதான். அந்த வீட்டுக்குள் பெண் கொடுத்தால் ஊரில் யாரும் பந்தியில் உட்கார மாட்டார்கள். ஹெட் கிளார்க் மெல்லத் தன் கைகளை என் கைகளிலிருந்து விடுவித்துக்கொண்டார்.

அவர்கள் போன பிறகு என் மனைவி முக்காலி போட்டு ஏறி, தாத்தாவைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். பேசியது என் மகள்தான்.

“அப்பாவுக்கு ஒரு தாத்தா வேணும்னா வெச்சுக்கிடுங்கோ. என் கல்யாணத்தையும் அவருக்குப் படைக்கணுமா? பிராந்தி போராதா?”

“நான் எங்கே மக்கா…”

“மதி அப்பா, மதி. இனி வேற ஆளைக் கொண்டுவந்து நிறுத்தினா நான் வந்து நிக்க மாட்டேன். இப்பமே சொல்லியாச்சு.”

சாதாரணமாக அவள் போதும் என்பதற்கு மலையாளத்தில் ‘மதி’ என்று சொன்னால் நான் தமிழில் திட்டுவேன். அன்று திட்டு வரவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டவள் ராத்திரி சாப்பிடவும் வரவில்லை.

மறுநாள் தைக்காட்டுக்குப் போனேன். பையனுடைய அம்மா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். கோயிலில் போய் விசாரிக்க வேண்டும், பங்காளி இல்லை என்று அங்கே தெரிந்தால் வெற்றிலை மாற்றலாம், தெரியாவிட்டால் இத்தோடு விட்டது. எனக்கும் நம்பிக்கை பிறந்தது. இரண்டு வீட்டில் ஒரு வீடு தாத்தாவின் ஆண்வழி இல்லை என்று ஆனால் போதுமல்லவா? அது எந்த வீடு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நாகர்கோவில் பஸ்ஸில் புறப்பட்டோம். ஹெட் கிளார்க், நான், கூடவே என் அத்தை. அப்பாவின் அக்கா, என் வீட்டில்தான் இருந்தாள். எண்பதைத் தாண்டியவள். காது நன்றாகக் கேட்கும், நாக்கு அதைவிட நன்றாக வேலை செய்யும். “எதுக்கு இந்த வயசுல பஸ்ஸு?” என்றேன். “கல்யாணம் நடக்கணுமா வேண்டாமாடா?” என்று கேட்டுவிட்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

பாறசாலை தாண்டும்போது நான் ஹெட் கிளார்க்கிடம் பேச்சுக் கொடுத்தேன்.

“சார்வாள், ஒமக்கு இங்கிலீஷ் இருக்கு. கச்சேரி இருக்கு. சேவகன் கும்புடு போடுகான். ஒமக்கு எதுக்கு இந்தப் பிராந்திக் கிழவன்? இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லும், விசயம் முடிஞ்சுது.”

“அதெப்படி ஓய்? சொந்தத் தாத்தாவை இல்லேன்னு சொல்ல முடியுமா?”

“நேத்து வரைக்கும் முருகன்னு சொன்னவர்தானே நீரு?”

“நீரு சாஸ்தான்னு சொல்லலியோ?”

முன்சீட்டிலிருந்து அத்தை திரும்பிப் பார்த்தாள். “நல்லாருக்கு. ஒருத்தன் சாஸ்தா, ஒருத்தன் முருகன். தாத்தா தொப்பியைக் கழத்திட்டு ஓடிருவாரு.”

கோயிலில் பூசை வைக்கும் பண்டாரம் ஹெட் கிளார்க்கின் அப்பா பெயரைக் கேட்டதும் கும்பிட்டார். “திருவனந்தபுரத்துக்குப் போன வீடா? ஒவ்வொரு கொடைக்கும் பங்காளி வீடெல்லாம் பேரு சொல்லிக் கூப்பிடும்போ ஒங்க வீட்டையும் கூப்பிடுகேன். ஆளு வராது. எங்க அப்பாவும் கூப்பிட்டாரு. விட்டுப்போகப்படாதுல்லா. மகன் வழின்னா ஒங்க வீடுதான் மூத்த வீடு.”

ஒரு வழி அடைபட்டது. நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு இன்னொரு வழியைத் தட்டினேன். வேறு வழி? அழுத கண்ணோடு ஒரு பெண் வீட்டில் இருக்கிறாள்.

“அப்போ ஒருவேளை, நான்… எங்க வீடு… ஆண்வழி இல்லாம இருக்கலாமோ?”

பண்டாரம் சிரித்துவிட்டார். “நல்ல கேள்வி! அண்ணாச்சி சொல்லி அண்ணாச்சி வெட்டின கல்லு வாசல்ல நிக்குது.”

ஹெட் கிளார்க் கல்லுக்கு முன்னால் போய் நின்றார். ஆபீஸ் குரலில் உரக்கப் படித்தார். “ஆண்வழிப் பேரன் உபயம்.” பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை இப்போது நினைத்தாலும் எனக்கு வியர்க்கிறது. எவ்வளவு பெரிய கல் என்று அன்றுதான் எனக்கே தெரிந்தது.

அப்போது அத்தை சிரிக்க ஆரம்பித்தாள். மதில் நிழலில் உட்கார்ந்து, பொக்கை வாயைத் திறந்து, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள்.

“எடே மக்கா, ஒங்க அப்பன் இருக்கும்போ கொடைக்கிடாயில நம்ம வீட்டுக்கு எந்தக் கறி வரும்?”

“தொடைக்கறி. அதானே நல்ல கறி? மரியாதைக்குத் தந்தாங்க.”

“மரியாதையா? பண்டாரம், கிடாயில பங்காளிக்கு எது? சொல்லும்.”

“பங்காளிக்குத் தலைக்கறி, ஆச்சி.”

“தொடை?”

பண்டாரம் சிரிப்பை நிறுத்தினார். “தொடை மருமகன் வீட்டுக்கு. பொண்ணைக் கெட்டிக் குடுத்த வீட்டுக்கு.”

“கேட்டியா?” என்றாள் அத்தை. “தாத்தாவுக்கு ஒரு மகன், ஒரு மக. மகன் வழி இந்தா நிக்காரே, இவரு. மக வழி நாம. எங்க தாத்தாதான் அவருக்கு மருமகன். நான் சின்னப் பிள்ளையில அவரு மடியில இருந்திருக்கேன். நீங்க ரெண்டு பேரும் பங்காளி இல்லே, மச்சான் மச்சினன். ஒன் மக அந்தப் பயலுக்கு முறைப்பொண்ணுடா!”

நான் பண்டாரத்தின் பக்கம் திரும்பினேன். “அப்போ எங்கிட்ட எதுக்கு இத்தனை காலம் வரி வாங்கினீரு?”

“கோயிலுக்குக் கொண்டு வந்து தாறவங்க கையைத் தட்டலாமா அண்ணாச்சி? எங்க அப்பா இருந்திருந்தா கேட்டிருப்பாரு. நான் கேக்கல்லே. வரி கட்டினதால தலையும் அனுப்பினேன், பழைய வழக்கம் விடப்படாதுன்னு தொடையும் அனுப்பினேன்.”

உண்மைதான். இரண்டும் வந்தது. மொத்தக் கோயிலிலும் இரண்டு பங்கு எனக்கு மட்டும்தான் என்று நான் கடைத்தெருவில் சொல்லியிருக்கிறேன்.

“நீ ஏன் அத்தை முன்னாலேயே சொல்லல்லே? நேத்தாவது சொல்லப்படாதா?”

“நீ எப்பம்டா வாயை மூடினே, நான் சொல்ல? படம் எழுதும்போ சொல்ல வந்தேன், கையசைச்சு அனுப்பிட்டே. பெறகு இதை வீட்டுல வெச்சு நான் சொன்னா, கிழவி கல்யாணத்துக்காகக் கதை கட்டுகான்னு இவரு நினைப்பாரு. பண்டாரம் வாயால வரணும்ல்லா?”

ஹெட் கிளார்க் தலையை ஆட்டினார். “ஆச்சி சொல்லுகது சரி” என்றார்.

“இன்னொண்ணும் கேட்டுக்கோ. வெள்ளைக்காரராம் வெள்ளைக்காரரு! காரைக்காலுக்காரருடா அவரு. பனைமூடு மாதிரி கறுப்பாம். எங்க தாத்தாவே சொல்லியிருக்காரு.”

அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என் கவலை வேறு. பண்டாரம் சொன்னார்: கல்யாணம் நடக்க வேண்டுமானால் சாமி முன்னால் இதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இன்று முதல் எங்கள் வீடு மருமகன் வீடு. வரி கிடையாது, முதல் திருநீறு கிடையாது, கொடையன்று நிற்பது பீடத்துக்கு எதிரில் இல்லை, இடது பக்கம் வேம்படியில். வாசல் கல்லில் அந்த எழுத்தின் மேல் சுண்ணாம்பு பூச வேண்டும். அதைக் கேட்டது பண்டாரம் இல்லை, ஹெட் கிளார்க். “தப்பா நெனைக்காதீரும். நாளைக்கு எங்க ஆளுக வந்து படிச்சா கேள்வி வரும்” என்றார்.

என் மதில். என் கல். அந்தக் கருங்கல்லை வண்டியில் ஏற்ற நானே தோள் கொடுத்தவன். காற்று வேறு கணவாயிலிருந்து ஆளைத் தள்ளுகிற மாதிரி அடித்தது. பீடத்தைப் பார்த்தேன். தாத்தா, நீராவது ஏதாவது சொல்லும் என்று மனத்துக்குள் கேட்டேன். தொப்பிதான் ஆடியது. எத்தனை வருஷமாகக் கேட்டு வாங்கிய தாத்தா! ஆனால் அவருக்கு ஒரு நாள் சோறு வைக்காவிட்டாலும் அவர் கதவைச் சாத்திக்கொள்ள மாட்டார். வீட்டில் சாத்திக்கொண்டிருக்கிறவள் வேறு.

“நாங்க மருமகன் வீடு” என்றேன்.

“சத்தமா” என்றாள் அத்தை.

“நாங்க மருமகன் வீடு!”

பண்டாரம் திருநீற்றை எடுத்து நேரே ஹெட் கிளார்க்கிடம் போனார். என் கை பழக்கத்தில் முன்னால் நீண்டுவிட்டது. மடக்கிக்கொண்டேன். அவர் பூசி முடித்த பிறகு எனக்கு வந்தது. சும்மா சொல்லக்கூடாது, ஹெட் கிளார்க்குக்கும் ஒரு நொடி சங்கடமாகத்தான் இருந்தது. பிறகு அவர் என் தோளில் கையைப் போட்டு, “வாரும் மச்சான்” என்றார். கச்சேரியில் அவரை எதிரில் பார்த்தால் சேவகர்கள் ஒதுங்கி நிற்பார்களாம். அந்த ஆள் என்னை மச்சான் என்று கூப்பிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் அவர் ஆளே மாறிப்போனார். போகும்போது கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னவர், தக்கலையில் ஏறிய ஒரு வாத்தியாரைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார். “எங்க தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்துல பெரிய ஆபீசர். வெள்ளைக்குதிரை. வாளு இருக்கே, அது ஆள் உசரம்.” எனக்கு நாக்கு அரித்தது. குதிரை வெள்ளை என்று இவருக்கு யார் சொன்னது? ஆபீசர் என்று நானே சொன்னதில்லை. கதையை அவர் கெடுக்கிற கெடுப்பைக் கேட்டுக்கொண்டு, முகூர்த்தம் முடிகிற வரை ஒன்றும் பேசக்கூடாது என்று ஜன்னலைப் பிடித்தபடி வந்தேன். வாத்தியார் அவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அப்படித்தான் பார்க்க வேண்டும். என்னைத்தான் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் முன்பக்கம் குனிந்து மெல்லக் கேட்டேன். “அத்தை, அந்த மருமகன் என்ன ஆளு? உன் தாத்தா?”

“அவரா? தாத்தாவோட குதிரைக்குப் புல்லறுத்துக் குடுத்தவரு. அப்பன் ஆத்தா இல்லாத ஆளு. புல்லுக்கட்டோட வந்தாரு, போகல்லே. வேலை செய்யுகதைப் பார்த்துப் பொண்ணைக் கெட்டிக் குடுத்து வீட்டோட வெச்சுக்கிட்டாரு.”

“புல்லுக்கட்டோட வந்தவரா?”

“ஆமா. செத்தபோ அந்த மலையடியில பாதி நெலம் அவரு பேருல இருந்துது. மொத்தமும் பெறகு ஒங்க அப்பன் தொலைச்சான்.”

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வெறுங்கையோடு வந்து, ஒருவன் தயவும் இல்லாமல், பட்டாளத்துக்காரர் வீட்டுப் பெண்ணையும் கட்டி, நிலமும் சேர்த்தவர். இப்படி ஓர் ஆள் என் சொந்த ஆண்வழியில், என் ரத்தத்தில் இருந்திருக்கிறார். நான் கண்டவன் தொப்பியைப் பிடித்துக்கொண்டு இத்தனை காலம் நின்றிருக்கிறேன்!

ஹெட் கிளார்க் வழிப்பறிக்காரர்களை விரட்டிக்கொண்டிருந்தார். அவர் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் நான் வாத்தியாரின் தோளைத் தொட்டேன்.

“பட்டாளத்துக்காரரு குதிரை மேல இருந்தாரு. சரி. இருந்துக்கிடட்டும். அந்தக் குதிரை நாலு காலுல நிக்கணும்னா அதுக்குத் தீனி போட்டது யாருன்னு கேட்டேளா நீங்க?”

“மச்சான்…” என்றார் ஹெட் கிளார்க்.

“எடே!” என்றாள் அத்தை.

“யாரு?” என்று கேட்டார் வாத்தியார்.

பஸ் அப்போது குழித்துறைப் பாலத்தில் ஏறியது. நெய்யாற்றின்கரை தாண்டியும் நான் முடிக்கவில்லை. வாத்தியார் அங்கேயே இறங்க வேண்டியவராம். பாலராமபுரம் வந்த பிறகுதான் சொன்னார்.